வரைபடத்தில் பச்சையான கிணறு

கற்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளை வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. களத்துக்குப் போகிறவர்கள் போத்தலில் தண்ணீர் எடுத்துவருவார்கள். அதில் உரத்தின் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வுகூடம் சொல்லும். நான் புத்தளத்தில் கதிரையைச் சூடாக்கிக்கொண்டு புள்ளி வைப்பேன். குடிக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு.

குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. மணல் நிலம், வெங்காயத்துக்குப் போட்ட உரம் கிணற்றுக்குள் இறங்க அதிக காலம் எடுக்காது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரேயொரு பச்சை. அது என் தங்கச்சி வீட்டுக் கிணறு.

வேறு யாராக இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கு ஒன்று உறுத்தினால் சோறு இறங்காது. நாலு பக்கமும் தோட்டம், இவள் கிணறு மட்டும் மக்காவின் ஸம்ஸம் கிணறா?

மறுபடி எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். "ஒரு கிணறு நல்லா இருந்தா உங்களுக்கு என்ன நட்டம், மிஸ்?" என்றார் என் மேலதிகாரி. வரைபடம் அப்படியே அச்சாகிப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஏறியது.

போன கிழமை தங்கச்சி போனில் கதைத்தாள். அவளுக்கு மகன் பிறந்து நாற்பது நாள் அப்போதுதான் கழிந்திருந்தது. தாய்ப்பால் போதவில்லை, பால்மா கரைத்துக் கொடுக்கிறாளாம். "கிணத்துத் தண்ணிதான் ராத்தா. அதுதானே பச்சையாம், இவர் படம் பிடிச்சு வந்து காட்டினார்."

அந்த நைட்ரேட் பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அப்படியில்லை, இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் உதடு நீலமாகிவிடும். அந்தப் போத்தலை நிரப்பிய சக ஊழியருக்கு உடனே அழைப்பு எடுத்தேன்.

"நீங்க வாளி போட்டு அள்ளினீங்களா?"

"இல்ல மிஸ். குடிக்கிற தண்ணி கொஞ்சம் வேணும் எண்டு கேட்டேன். உள்ளுக்கிருந்து கொண்டுவந்து தந்தாங்க. தேத்தண்ணியும் தந்தாங்க, நல்ல மனிசர்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நுரைச்சோலையில் உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லொறி ஒன்று பாதையை மறித்து நின்றது. கை ஓயும்வரை ஹோர்ன் அடித்தேன். சாரதி சிரித்தான். அவனை மூட்டையோடு சேர்த்துக் கட்டிவிடலாம் போலிருந்தது.

தங்கச்சி வாசலுக்கு வந்தாள். ஸலாம் சொன்ன கையோடு கேட்டேன். "நீ வயித்தோட இருக்கக்குள்ள தண்ணி எடுக்க ஒருத்தர் வந்தாரே, எந்தத் தண்ணிய குடுத்த?"

"பள்ளி பில்டர் தண்ணி. ஏன்? வீடு தேடி வந்து குடிக்கத் தண்ணி கேட்ட மனிசனுக்கு, கிணத்துத் தண்ணியவா நீட்டச் சொல்றீங்க?"

அவள் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. பள்ளிவாசலில் இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரை எங்கள் ஆட்கள் ஒரு கேனில் பிடித்து, வருகிறவர்களுக்கென்று வைத்திருப்பார்கள். வீட்டார் கிணற்றைத்தான் குடிப்பார்கள். இது இங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"அந்தக் கேன் தண்ணில பால் கரைச்சா என்ன?"

"மெஷின் தண்ணில சத்தில்லையாம். நான் சும்மா அள்ளிக் குடுப்பேன் எண்டா நினைச்சீங்க? பாதியா வத்துற வரைக்கும் பக்கத்துல நின்டு காய்ச்சித்தான் குடுக்கிற."

நானே வாளியை இறக்கி அள்ளினேன். நைட்ரேட் கூடினால் சிவக்கும் சோதனைத் தாளைக் கொண்டுவந்திருந்தேன், அதை நனைத்துவிட்டுக் காத்திருந்தேன். நிறம் ஏறாதே, ஏறாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது கடும் ரோஸாக ஏறியது. உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன். வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது, நிழலில் கறுப்பாகத் தெரிந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை.

"உடுப்ப மாத்து. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றேன்.

டொக்டர் பிள்ளையின் விரலில் ஏதோ மாட்டிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், இரத்தமும் எடுத்தார். இப்போதைக்குப் பயமில்லை, தண்ணீரை இன்றைக்கே மாற்றுங்கள் என்றார். தங்கச்சி விடவில்லை. "நான் நல்லாக் காய்ச்சித்தானே குடுத்தன், டொக்டர்?"

"காய்ச்சினா கிருமி சாகும், தங்கச்சி. இது உரம். தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும்."

ஸ்கூட்டரை அவள் வீட்டில் விட்டுவந்ததால் ஓட்டோவில் திரும்பினோம். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் நாளைக்கே அந்தப் புள்ளியை மாற்றுவேன், எல்லாக் கிணற்றிலும் மறுபடி வாளி போடச் சொல்வேன் என்று ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. பாலாவி தாண்டியதும் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள்.

"வாற போற சனத்துக்கெல்லாம் நல்ல தண்ணி குடுத்தன், ராத்தா. என்ட புள்ளைக்கு மட்டும் நின்டு நின்டு காய்ச்சி..."