குடிலில் கொட்டிய பனி

பனியன் நகரத்து ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் பனி கொட்ட, நிட்டிங் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் மெஷினடியில் உதிர்ந்து சேரும் பஞ்சை மூட்டையாகக் கொண்டுவந்தார்.

"வீசிங் இருக்கற பாப்பாவுக்குத் தூசி சேராதே" என்றேன்.

"வெள்ளப் பஞ்சு என்னட்டி செய்யும்?" என்று பரப்பிவிட்டு ஃபேனைப் போட்டார்.

அந்த வெண்மை வெறிபிடித்து அறையெங்கும் பறந்தது. மகள் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு சுவரில் மோதி விழுந்தாள். உதடு நீலம் பாய்ந்தது.

"ஏனுங்க, புள்ளைக்கு மூச்சே வரலீங்களே" என்று பக்கத்து வீட்டக்கா ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஊசியும் ஆக்சிஜனும் அவளைப் பிடுங்கி மீட்டன. வீடு திரும்பியதும் குடிலை மிதித்து நொறுக்கினேன். கணவர் தடுக்கவில்லை.

இப்போது ஈரமணலில்தான் குடில். கம்பெனிச் சட்டையை வாசலிலேயே கழற்றி, குளித்த பிறகுதான் அவர் மகளைத் தொடுகிறார்.