கமலாவின் இரும்புச் சில்லு

பேரன் புது அலமாரியின் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தான். பலகைகளை இணைக்கும் இரும்புத் தகடு ஒன்று கைதவறி ணங்கென்று விழுந்தது. எனக்குத் தாம்பரத்தில் சின்ன வயதில் கட்டம் கிழித்து, சில்லு போட்டு, நொண்டியடித்து ஆடிய பாண்டி ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டுக் கமலாவின் அப்பா ரயில்வே தச்சர். பழைய மரப்பெட்டியைப் பிரித்தபோது, சட்டங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த தகடு ஒன்றை மகளுக்குக் கொண்டுவந்தார். அதுவே அவளுக்குப் பாண்டிச் சில்லு. என் ஓட்டுச்சில்லு எகிறிக் கோட்டைத் தாண்டும். அவளுடையது போட்ட இடத்தில் உட்காரும்.

"இன்னாடி, உன் சில்லு ஊரு சுத்தப் போவுதா?" என்பாள்.

வயிறு எரிந்தது. சாமி கும்பிட்டுவிட்டு அதைத் திருடி எங்கள் அரிசிப் பானையில் புதைத்தேன். கமலா அழுத அழுகையில், அவள் அப்பா மறுநாள் இரண்டு தகடு கொண்டுவந்தார்.

"ஒண்ணு உனக்கும்மா. நீயும் ஆசப்பட்டுப் பாத்துகினே இருந்தியே."

ஆக, என்னிடம் இரண்டு தகடு. அப்போதும் அவள்தான் ஜெயித்தாள்.

"ஆயா, இங்க வுழுந்த தகட்டப் பாத்தியா?" என்றான் பேரன்.

"நான் இன்னாத்தப் பாத்தேன்?" என்றேன். தகடு என் இடுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை படப்பையிலிருந்து கமலா வருகிறாள். அவளுக்கு இப்போது முட்டிவலியாம்.