இரட்டை நாக்குக்காரி

தெர்சாவின் பரம்பரையில் அம்மா வழியிலும் சரி, அப்பா வழியிலும் சரி, படுக்கையில் கிடந்து செத்தவர்கள் குறைவு.

அம்மா வழி வடகிழக்கே கனெக்டிகட்காரர்கள். கொள்ளுத்தாத்தா அமெரிக்கச் சுதந்திரப் போரில் கோட்டை விழுந்து, வாளைக் கொடுத்துச் சரணடைந்த பிறகும் குத்திக் கொல்லப்பட்டவர். அப்பா வழி தெற்கே கென்டக்கி. அங்கே சண்டை போட வெளிநாட்டுப் படை வர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரன் போதும். தாத்தா ஒரு பன்றிக்காகப் பங்காளியின் மூக்கைக் கடித்துத் துப்பினார். பங்காளியின் மகன் பதிலுக்கு, தெர்சாவின் அப்பா ஜூபல் ஸ்காக்ஸின் இடது கண்ணைக் கட்டைவிரலால் தோண்டிவிட்டான். அதற்கென்றே நகம் வளர்த்து வைத்திருந்த மனிதர்கள்.

ஒற்றைக்கண் ஜூபலுக்கும் மெஹிடபெலுக்கும் 1832இல் ஒஹையோவில் பிறந்தவள் தெர்சா. அந்த வீட்டில் அடிதடிக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம், பசுமாடு போதும். மாட்டை அப்பா ‘கவ்’ என்பார். அம்மா ஊரில் அது ‘கியவ்’. ஐந்து வயதில் அம்மாவைப் போல ஒருமுறை சொல்லிவிட்டாள். புறங்கையால் விழுந்த அறையில் இரண்டு பல் போயிற்று. நல்லவேளை, பால்பல்.

“எனக்குப் பொறந்துட்டு யாங்கிக்காரி மாதிரி கத்துறியா? இன்னொருவாட்டி சொல்லு, நாக்கையே அறுத்துப்புடுவேன்!”

அன்றிலிருந்து அப்பா முன்னால் கவ், தொழுவத்தில் அம்மாவோடு கியவ் என்று இரண்டு நாக்கோடு வளர்ந்தாள். இப்படி வளர்ந்ததால் என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். லாபம் கான்சாஸில் தெரிந்தது.

கணவன் எல்நாதன் டட்டில் அசல் கனெக்டிகட் வித்து. அவனோடு கான்சாஸ் வந்து நிலம் பிடித்த இரண்டாம் வருஷம், அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று ஊரே வெட்டிக்கொண்டது. அடிமை வேண்டும் என்ற மிசௌரிக்காரர்கள் எல்லை தாண்டிக் குதிரையில் வந்தார்கள். வழியில் யாரைப் பிடித்தாலும் ஒரு மாட்டைக் காட்டி “இது என்ன?” என்பார்கள். ‘கவ்’ என்றவன் தங்களைப் போல் தெற்கத்தி ஆள், தப்பித்தான். ‘கியவ்’ என்றவன் வடகிழக்கத்தி யாங்கி. அடிமை முறைக்கு எதிரி. அங்கேயே சுட்டார்கள்.

தெர்சா கணவனை உட்கார வைத்து, மரக்கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கிப் பிடித்தாள்.

“இப்ப சொல்லுங்க.”

“கிய...”

“ஐயே! நாக்கத் தூக்காதீங்க. தூக்குனா செத்தீங்க.”

“ஏண்டி, ஒரு மாட்டுக்காக மனுசன் இந்தப் பாடு படணுமா?”

“மாட்டுக்கு இல்ல, உங்க கழுத்துக்கு.”

ஒரு மாதம் ஆயிற்று. சொல்வதற்கு முன்னால் தாடை ஒரு நொடி இறுகும். ஆனால் சுத்தமாகச் சொல்லிவிடுவான்.

ஆகஸ்டில் ஆறு பேர் வந்தார்கள். தலைவன் முகத்தில் துணி கட்டியிருந்தான். துப்பாக்கி பிடித்த கையில் இரண்டு விரல் இல்லை. மாட்டைக் காட்டினான். எல்நாதன் தாடையை இறுக்கி, “கவ்” என்றான்.

“நம்மாளுதாம்ப்பா” என்று குதிரையைத் திருப்பினார்கள். திருப்பிய ஒருவன், பொழுது போகாமலோ என்னவோ, கோடரியால் மாட்டின் பின்னங்காலில் ஒரு போடு போட்டான். மாடு அலறி விழுந்தது.

“ஐயோ, என் கியவ்! என் கியவ்வ வெட்டிட்டானே!” என்று கத்தியது தெர்சா.

விரலில்லாதவன் திரும்பிப் பார்த்தான். எல்நாதன் அவள் முன்னால் வந்து நின்றான். நெஞ்சில் ஒன்று, விழுந்த பிறகு வாயில் ஒன்று. ஒரு மாதம் சிரமப்பட்டு அவள் பழக்கிய நாக்கு மண்ணில் கிடந்தது.

அதன் பிறகு தெர்சாவுக்கு ஒரே வேலைதான், இரண்டு விரல் இல்லாதவனைத் தேடுவது. உள்நாட்டுப் போர் வந்தது. அடிமை முறையை எதிர்த்த கான்சாஸ் குதிரைப்படையினர், மிசௌரிக்காரன் என்ற சந்தேகத்தில் பிடித்தவர்களை அவளிடம் கொண்டுவருவார்கள். பேச்சைக் கேட்டே எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். சொன்னதற்கு மேல் விசாரணை கிடையாது. அப்படி நான்கு பேர் தொங்கினார்கள். அவளுக்குத் தூக்கம் கெடவில்லை.

ஐந்தாவது ஆள் 1863 பிப்ரவரியில் வந்தான். நல்ல பனி. நடுத்தர வயது, கையில் கம்பளி உறை. தான் கனெக்டிகட்காரன் என்றான். தெர்சா தன் மாட்டைக் காட்டினாள்.

“கியவ்” என்றான் அவன், பிசிறில்லாமல்.

அவனைக் கொண்டுவந்த சார்ஜண்ட் கைக்கட்டை அவிழ்க்கப் போனார். தெர்சா விடவில்லை. சொல்வதற்கு முன்னால் அவன் தாடை ஒரு நொடி இறுகியதை அவள் பார்த்துவிட்டாள். பழக்கிய நாக்கு அது. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. பயம் வந்தால் எந்த நாக்கு வெளியே வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்து மாட்டின் விலாவில் குத்தினாள். மாடு துள்ளி அவன் முழங்காலில் உதைத்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“ஐயோ! கவ்வப் புடிங்கடா! கவ்வப் புடிங்க!”

சார்ஜண்ட் சிரித்தார். “பலே தாயீ!”

வால்நட் மரத்தடிக்கு இழுத்துப்போய்க் குதிரைமேல் ஏற்றிச் சுருக்கை மாட்டினார்கள். கையைப் பின்னால் கட்டுமுன், நல்ல கம்பளி வீணாகக் கூடாதென்று ஒரு சிப்பாய் உறையை உருவிக்கொண்டான். பத்து விரலும் இருந்தன.

கேட்டிருந்தால் முதலிலேயே காட்டியிருப்பான். அவள் கேட்கவில்லை.

“யாருய்யா...” தெர்சா குதிரையருகே போனாள். “யாருய்யா உனக்குச் சொல்லிக்குடுத்தது?”

“எம் பொண்டாட்டிம்மா. அவதான் கனெக்டிகட்டு. பட்டாளத்துக்காரங்க புடிச்சா பொழச்சுக்குவேன்னு, நாக்குக்கு அடியில கரண்டிக் காம்ப வெச்சு... நான் யாரையும் கொன்னதில்லம்மா.”

“இறக்குங்க! இவன் இல்ல! இறக்குங்கய்யா!”

“மிசௌரிக்காரன்தானே? பொய்தானே சொன்னான்? அப்புறம் என்ன?” சார்ஜண்ட் குதிரையின் பின்னால் சவுக்கை வீசினார்.

தெர்சா ஓடிப்போய், துடித்த இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தூக்கிப் பிடித்தாள்.

“விடும்மா, கனமான ஆளு” என்றார் சார்ஜண்ட்.

அவள் விடவில்லை. அவள் கை சோரும்வரை அவன் உயிரோடு இருந்தான்.