கப்பலிலிருந்து வராத போன்

காக்ஸ் டவுன் அல்போன்சா ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். புருஷன் டென்சில் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவன் வீட்டில் இருந்தது எல்லாம் சேர்த்து ஆறு வருடம்கூட இருக்காது.

பழைய கப்பல் அது. வேலையாட்களுக்கு இன்டர்நெட் கிடையாது. கேப்டனிடம் காலிங் கார்டு வாங்கி சாட்டிலைட் போனில்தான் பேச வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து அவள் வீடு திரும்பும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். கார்டு வழியாக வருவதால் வாரத்துக்கு ஒரு புது இந்திய நம்பர் திரையில் தெரியும். எடுத்தால் அவன் குரல் இருக்கும்.

போன வருஷம் மார்ச்சில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, மே மாதம் தேதி கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் டென்சிலின் ஒப்பந்தம் முடிகிறது. ஆனால் மாற்று ஆள் இன்னும் கிடைக்கவில்லை, தள்ளிப் போகலாம் என்றான். அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"வர்றதுன்னா வாங்க, இல்லன்னா அங்கயே இருந்துக்கோங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சமாதானமாகப் பேசக் காத்திருந்தாள். போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆளெடுத்து அனுப்பும் ஏஜென்சியிடம் விசாரிக்க நினைத்தாள். கோபித்துக்கொண்டவனைத் தேடி நான் ஏன் போக வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அதற்கிடையில், தெரியாத வெளிநாட்டு நம்பரை எடுக்காதீர்கள், மோசடியாக இருக்கலாம் என்று போன் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தபடி இருந்தது. ஒரு வியாழக்கிழமை வகுப்பில் இருக்கும்போது அப்படி ஒரு நம்பர் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் கட் பண்ணி, நம்பரை பிளாக்கும் பண்ணினாள்.

மே மாதம் ஆபரேஷன் நடந்தது. படிவத்தில் அக்கா கேரல் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ஏஜென்சியிலிருந்து ஹரிஷ்குமார் என்பவர் பேசினார். டென்சில் இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை, நான் வந்து என்ன செய்ய என்று கேப்டனிடம் சொன்னானாம்.

தையல் பிரிக்காத வயிற்றோடு ஆட்டோ பிடித்து போன் கம்பெனிக் கடைக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் விளக்கினாள். மோசடிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் காட்டிக் கூப்பிடுகிறார்களாம். அப்படி வருவதையெல்லாம் கொஞ்ச நாளாகக் கம்பெனியே தடுத்துவிடுகிறதாம். கார்டு போட்டுப் பேசுவதும் அந்த வழியாக வருவதுதான். கூப்பிடுகிறவருக்கு மணி அடிப்பது மட்டும் கேட்கும்.

என் புருஷனுக்கு மட்டும் திறந்து விட முடியாதா என்று கேட்டாள். நம்பர் ஒவ்வொரு தடவையும் மாறுகிறதே, எதைத் திறப்பது என்றாள் அந்தப் பெண்.

"உங்க சேஃப்டிக்குத்தான் மேடம்."

ஏஜென்சி மூலம் டென்சிலுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்று மட்டும் ஏஜென்சியிலிருந்து பதில் வந்தது.

நவம்பரில் டென்சில் வந்தான். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டான். அவள் போன் கிடைக்காமல் போன பிறகு, ஒரு வியாழக்கிழமை கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றதாம், கரையிறங்க விடவில்லையாம். சரக்கு இறக்க வந்த ஒருவனிடம் கெஞ்சி போன் வாங்கி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இவளுடையது ஒன்றுதான்.

"கார்டை கம்பெனிக்காரன் தடுத்தான், சரி. அந்த ரெண்டு தடவை கட் பண்ணது நீதானே?"



பிப்ரவரியில் வேறு கப்பல் ஏறினான். அதில் இன்டர்நெட் இருக்கிறது. சாப்பிட்டேன், இங்கே மழை என்று மெசேஜ் போடுகிறான். கூப்பிடுவதில்லை.