ஃபில்டர் நிறையப் பஞ்சு

கார் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். வெள்ளைப் பஞ்சு பாளம் பாளமாக விழுந்தது.

"வண்டிய எங்க நிறுத்தறீங்கக்கா?"

"வேலை பாக்கற பனியன் கம்பெனிலங்க. நிட்டிங் ஷெட்டுப் பக்கம்."

"அதானுங்க. பஞ்சு அடைச்சுக்கிட்டா காத்து போகாது. பெட்ரோலத்தான் குடிக்கும்."

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா ஒரு பனியன் முதலாளிக்குக் கார் ஓட்டினார். லீவு நாளில் நான் சாப்பாடு கொண்டுபோவேன். நிட்டிங் ஷெட்டின் ஃபேன் பஞ்சைக் கக்கும் சுவரோரம்தான் கார் நிற்கும். அங்கே நிழல் என்பதால் முதலாளியே காட்டிய இடம் அது. "சர்வீசுக்கு உடலாமுங்களா?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம், "ஓடுதுல்ல, ஓட்டு" என்பார்.

பெட்ரோல் செலவு ஏறியது. நான் சாப்பாடு கொண்டுபோயிருந்த ஒரு மதியம், பெண்கள் பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த வாசலில், முதலாளி அப்பாவின் காலரைப் பிடித்திழுத்து முகர்ந்தார்.

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது. எங்கடா கொண்டுபோயி விக்கற?"

"சத்தியமா இல்லீங்க."

அந்தச் சட்டையில் சோப்பு வாசனைதான் இருந்தது. காலையில் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்.

அன்றோடு வேலை போயிற்று. அதற்குப் பிறகு, யார் பேச வந்தாலும் அப்பா கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வார். சாகிறவரை அப்படித்தான்.

"வெறும் பஞ்சுதானுங்கக்கா. கழட்டிப் பாத்தா ஒரு நிமிச வேலை" என்றார் மெக்கானிக்.

ஒரு நிமிடம். என் அப்பாவின் சட்டையை முகர்ந்த நேரத்தில் அந்த ஆள் பானட்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.