சனிக்கிழமைக்கு ஒரு ஹேஷ்டேக்

1. திரும்பி வந்த டின்கள்

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. சமையல் மாஸ்டர் காசிமாயன் தன் மினி லாரியைத் தவமணியின் எண்ணெய்ச் செக்கு வாசலில் நிறுத்தி, நல்லெண்ணெய் டின்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். ஒரு கல்யாணச் சமையலுக்காக அங்கே வாங்கிப் போன டின்கள் அவை. ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. நான் உள்ளே, கடையின் சமூக ஊடகப் பக்கத்துக்காக, காயப்போட்டிருந்த எள்ளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாஸ்டரே, எண்ணெயில எதுவும் கோளாறா?" என்று தவமணி கேட்டார்.

"எண்ணெயில என்னாத்தா கோளாறு? பொண்ணு வீட்டுக்காரவுக போன்ல ஒங்க வீடியோவப் பாத்துட்டாக. 'சனி பகவானுக்கு வெளக்குப் போடுற எண்ணெயவா எங்க பிள்ளை கல்யாணத்துக்கு ஊத்தப் போறீக'ன்னு கேக்குறாக. நான் கரண்டி பிடிக்கிறவன். இதுக்கு என்னத்தச் சொல்ல?"

"அது வேற, இது வேறன்னு சொல்ல வேண்டியதுதான?"

"வேற வேறயா?"

இரண்டும் ஒரே எண்ணெய்தான்.

மாஸ்டர் கோபக்காரர் அல்ல. டின்களை வரிசையாக அடுக்கிவிட்டு, கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். முகூர்த்த மாதங்களில் தவமணியின் சரக்கில் பெரும்பகுதியை எடுப்பவர் அவர்தான்.

2. பார்த்தவர்கள் அதிகம், வந்தவர்கள் இல்லை

நான் உத்தமபாளையத்தில் நெடுங்காலம் டி.டி.பி. கடை வைத்திருந்தவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், பில் புக் எல்லாம் செய்தேன். அச்சு வேலை குறைந்தபோது, அதே வாடிக்கையாளர்களின் கடைகளுக்குச் சமூக ஊடகப் பக்கங்களை நடத்திக் கொடுக்கும் வேலைக்கு மாறினேன். போட்டோ, ரீல், கேப்ஷன், ஹேஷ்டேக், கமெண்டுக்குப் பதில், இவ்வளவுதான் வேலை.

தவமணியின் செக்கு அனுமந்தன்பட்டிக்கு அருகில் மெயின் ரோட்டில் இருக்கிறது. கணவர் மலை மேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். வியாபாரம் முழுக்கத் தவமணியின் பொறுப்பு. அந்த வருடம்தான் இரண்டாவதாக ஒரு மரச்செக்கை இறக்கியிருந்தார். அதற்காக இரண்டு பெண்களை வேலைக்கும் சேர்த்திருந்தார். கணவருக்கு அதில் சம்மதமில்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்பது, வியாபாரம் கூடவில்லையென்றால் புதிய செக்கை விற்றுவிடுவது என்று இருவருக்குள்ளும் பேச்சு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹேஷ்டேக் என்பது பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டும் பெயர் மாதிரி. அந்தப் பெயரைத் தேடுபவருக்கும், அந்த மாதிரிச் சங்கதிகளை அடிக்கடி பார்ப்பவருக்கும் நம் போஸ்டைக் கொண்டுபோய்க் காட்டும். யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை ஓரளவு நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

முதலில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். #வைரல், #டிரெண்டிங், #நேச்சர் என்று இடம் இருந்த அளவுக்கு நிரப்பினோம். எள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப்போட்டு ஆட்டும் ரீல் ஒன்று நன்றாக ஓடியது. எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத எழுத்தில் கமெண்டுகள் வந்தன. தவமணி போனைக் கையில் வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணே, இவுகள்லாம் எப்ப வந்து எண்ணெய் வாங்குவாக? பாட்டிலோட வருவாகளா, தூக்குவாளியோட வருவாகளா?"

பிறகு பெரிய டேக்குகளை எடுத்துவிட்டு, #உத்தமபாளையம், #கம்பம்பள்ளத்தாக்கு, #மரச்செக்குநல்லெண்ணெய், #தேனிசமையல் என்று சுருக்கினேன். ரீச், அதாவது பார்ப்பவர்களின் எண்ணிக்கை, விழுந்தது. ஆனால் கூடலூரிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வழி கேட்டு போன் வந்தது. கேட்டவர்களில் பாதிப் பேராவது நேரில் வந்தார்கள். இரண்டாவது செக்கு அரை நாள் ஓடத் தொடங்கியது. அதோடு நின்றிருந்தால் இந்தக் குறிப்புக்கு அவசியம் இருந்திருக்காது.

3. ஈ ஓட்டும் கிழமை

எங்கள் பக்கம் சனிக்கிழமை யாரும் வீட்டுக்கு எண்ணெய் வாங்க மாட்டார்கள்; எண்ணெயோடு சனியும் வீட்டுக்குள் வரும் என்று நம்பிக்கை. வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுவார்கள், இல்லையென்றால் ஞாயிறு வரை பொறுப்பார்கள். கடை திறந்திருக்கும், புண்ணாக்கு வாங்க மாட்டுக்காரர்கள் சிலர் வருவார்கள். அவ்வளவுதான். அதே சனிக்கிழமை குச்சனூரில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் சொல்லவே வேண்டாம். சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போட எங்கெங்கிருந்தோ வருவார்கள்.

"அங்கன அம்புட்டுக் கூட்டம் எண்ணெய வாங்கி ஊத்துது. இங்கன நான் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். அந்தப் பேரையும் ஒரு டேக்காப் போட்டா என்னண்ணே?" என்றார் தவமணி.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. பக்கத்து ஊர், நிறையப் பேர் தேடும் பெயர், நம் பொருளோடு நேரடித் தொடர்பு. ஹேஷ்டேக் தேர்ந்தெடுப்பதற்குச் சொல்லப்படும் எல்லா விதிகளுக்கும் பொருந்தியது. குச்சனூருக்குப் போய்க் கோபுரத்தையும், வரிசையாக எரியும் எள் விளக்குகளையும் எடுத்தேன். அதோடு எங்கள் செக்கில் எண்ணெய் ஒழுகுவதைச் சேர்த்து ரீல் போட்டேன். #குச்சனூர், #சனீஸ்வரர், #எள்விளக்கு, #சனிப்பெயர்ச்சி.

அதுவரை நாங்கள் போட்ட எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு ரீல் போன தூரத்துக்கு ஈடாகாது. அடுத்த சனிக்கிழமை விடியும்போதே வாசலில் கார்கள் நின்றன. சின்னப் பாட்டில்களாகக் கேட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தியான முருகேஸ்வரிக்குப் பாட்டிலில் அடைத்துக் கை ஓயவில்லை.

"ஏக்கா, இனிமே சனிக்கிழமை லீவு கேட்டா நீங்க தர மாட்டீக போல," என்றாள்.

"ஏடி, கேட்டுத்தான் பாரேன்," என்றார் தவமணி. அந்த ஆடி முழுக்க அவர் சிரித்த முகமாகவே இருந்தார்.

வார நாட்களில் வழக்கமான ஆட்கள் குறைவதை நாங்கள் கவனித்தோம். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, கையில் காசு புழங்காது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். ஆவணி பிறந்தும் அவர்கள் வரவில்லை. அப்போதுதான் மாஸ்டரின் டின்கள் திரும்பி வந்தன.

4. எங்கள் வீட்டு அடுப்படி

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது என் மனைவி குழிப்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு மேடையில் இருந்தது வேறு ஒரு கடையின் எண்ணெய் பாக்கெட்.

"இது எங்க வாங்குனது?"

"பெரியகுளத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனேன்ல, வர்றப்ப அங்கனயே வாங்கிட்டு வந்தேன்."

"தவமணி எண்ணெய்க்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நல்ல எண்ணெய்தான்." பணியாரத்தைத் திருப்பிப் போட்டார். "கோயிலையும் வெளக்கையும் நீங்களே காட்டிட்டீக. அக்காதான் அந்த வீடியோவ எனக்கு அனுப்பி வச்சாக. 'ஒம்புருசன் போட்டதா'ன்னு கேட்டாக. அதுக்கப்புறம் அத எடுத்துப் பிள்ளைகளுக்குத் தோசை ஊத்தக் கை வரல."

"சனீஸ்வரருக்கு ஊத்துனா பாவம் போகும்னுதான அம்புட்டுப் பேரு வர்றாக?"

"யாரு இல்லைங்கிறா? அவருக்குக் குடுத்தா அவரோட போகணும். அத யாராவது வீட்டுக்குத் தூக்கிட்டு வருவாகளா?"

"கோயில்ல ஊத்துன எண்ணெயவா தவமணி விக்குது? ரெண்டும் ஒரே செக்கு, ஒரே எள்ளு."

"அதத்தான நானும் சொல்றேன்," என்றார் மனைவி.

என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க பாட்டுக்குச் சந்தோசமா எத்தனை பேரு பாத்தாகன்னு சொல்லிக்கிட்டு இருந்தீக. அதுல போய் நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பணியாரம் எப்போதும்போல நன்றாக இருந்தது.

5. போர்டும் பூட்டும்

மறுநாள் தவமணியிடம் நடந்ததைச் சொன்னேன். என் யோசனை இரண்டு: அந்த ரீலையும் டேக்குகளையும் நீக்குவது, "எங்கள் நல்லெண்ணெய் சமையலுக்கு உகந்தது" என்று விளக்கமாக ஒரு போஸ்ட் போடுவது. முதலாவதை உடனே செய்தேன். ஆனால் நம் பக்கத்தில் நீக்கினால் நம் பக்கத்தில் மட்டும்தான் போகும். மற்றவர்கள் சேமித்து வைத்ததும், குடும்பக் குழுக்களில் அனுப்பியதும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது யோசனையைத் தவமணி மாஸ்டருக்கு போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"ஒரு வீட்டு வாசல்ல 'இங்க பேய் இல்லை'ன்னு போர்டு எழுதி மாட்டுனா, வாடகைக்கு வர்றவன் என்னாத்தா நெனப்பான்? தெரியாதவனுக்கும் தெரிஞ்சுபோகும்."

அந்த போஸ்டை நான் போடவில்லை.

தவமணி அன்று வெகுநேரம் புதிய செக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். செக்கு ஓடவில்லை. விற்பதென்றால் தீபாவளிக்கு முன்பு விற்றால்தான் நல்ல விலை போகும் என்று கணவர் முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாராம். பிறகு எழுந்து வந்து சொன்னார்.

"அண்ணே, இனிமே சனிக்கிழமை கடையப் பூட்டிருவோம்."

"இப்ப வர்ற கூட்டம் அன்னைக்குத்தான வருது? கடையப் பூட்டி யாராவது வியாபாரத்தக் கூட்டுவாகளா?"

"அந்தக் கூட்டம் சின்னப் பாட்டிலு வாங்கும். ஒரு தரம் வரும். அடுத்த வருசம் எந்தக் கடையில வாங்குமோ. நமக்குச் சோறு போடுறது அடுப்படி. அடுப்படிக்காரவுக சனிக்கிழமை எண்ணெயத் தொட மாட்டாக. நம்மளும் தொடலைன்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் சொன்னபடி செய்தேன். செக்கைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் ஈடு எள் கொட்டுவதை ஒரு போட்டோ. மறுநாள் பூட்டிய கதவை இன்னொரு போட்டோ. அதன் கீழே ஒரே வரி: "சனிக்கிழமை செக்கு ஓடாது." டேக் ஒன்றே ஒன்று, #உத்தமபாளையம். கோயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. சமையலைப் பற்றியும் இல்லை.

ரீச் மிகக் குறைவு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குக் காட்டும் இன்சைட்ஸில் அதைப் பார்த்துவிட்டு, இது போகாது என்றே முடிவு செய்தேன். ஆனால் அதே வாரம் என் மனைவியின் அக்கா அந்தப் பூட்டுப் படத்தை மனைவிக்கு அனுப்பியிருந்தார். கூடவே, "பரவாயில்லையே, முறை தெரிஞ்சவுகளாத்தான் இருக்காக," என்று குரல் பதிவு. பெரியகுளத்துக்கு அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஹேஷ்டேக்கால் போகவில்லை. பெண்கள் கையிலிருந்து கைக்குப் போயிருக்கிறது.

வார நாட்களில் ஒவ்வொருவராகத் தூக்குவாளிகள் வரத் தொடங்கின. ஒரேயடியாக அல்ல. சிலர் இன்றுவரை வரவில்லை. ஐப்பசி முகூர்த்தங்களுக்கு மாஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, டின்களை ஏற்றச் சொன்னார்.

"பொண்ணு வீட்டுக்காரவுக ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"எங்க எண்ணெய்ன்னு கேட்டாக. சனிக்கிழமை பூட்டுற கடைன்னு சொன்னேன். அதுக்கு மேல பேச்சே இல்ல."

அந்தத் தீபாவளிக்கு இரண்டு செக்கும் முழு நாளும் ஓடின. கணவர் விடுப்பில் வந்தபோது புதிய செக்கை வாங்க ஆட்களைப் பார்த்து வைத்திருந்தார். தவமணி அவரை எள் மூட்டை இறக்க அனுப்பிவிட்டார்.

6. இப்போது கேட்கும் கேள்வி

புதிய கடைக்கு வேலை எடுக்கும்போது, எந்த டேக் அதிகம் பேரிடம் போகும் என்பதை இப்போதும் பார்க்கிறேன். அது இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. அதற்குப் பிறகு இன்னொன்றையும் கேட்கிறேன்: இந்தப் பெயரைப் பார்த்ததும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களில் யார் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்? புதிதாக வருபவர்களை இன்சைட்ஸ் காட்டும். நின்றுவிட்டவர்களைக் காட்டும் திரை எதுவும் இதுவரை வரவில்லை. அதை வீட்டு அடுப்படியில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது, போஸ்ட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, தவமணியின் வீட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். வீடு கடைக்குப் பின்னால். குச்சனூர் போகும் கார் ஒன்று கடை வாசலில் நின்றது; ஒருவர் இறங்கிப் பின்னால் வந்து வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய வீடியோவை எங்கோ பார்த்திருக்கிறார். தவமணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குச் செக்கு ஓடாதுங்க."

"ஒரு சின்னப் பாட்டில் போதும்மா. வெளக்குக்குத்தான்."

"கோயில் வாசல்லயே கெடைக்கும், போய் வாங்கிக்கங்க. எனக்கும் சேத்து ஒரு வெளக்குப் போட்டுருங்க," என்றார் தவமணி.

வந்தவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.