மல்லேஸ்வரத்தில் ஒரு கை எள்

பெங்களூரில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த முதல் அறையில் மின்விசிறி மாட்டக் கொக்கியே இல்லை. ஜீவனஹள்ளியில், ஒரு வீட்டின் மாடியில் இருந்தது அந்த அறை. வீட்டுக்காரரிடம் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபேன் யாகே? ஹுஷாரில்வா?" என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். நான் போளூர்க்காரன். பங்குனி பிறந்தால் எங்களுக்கு ஃபேன் இல்லாமல் சோறு இறங்காது. அங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் வந்துவிடக்கூடிய ஊரில், ஃபேன் கேட்டவனை நோயாளியாகப் பார்க்கிறார்கள். அதற்கெல்லாம் அசரவில்லை நான். ஊர் விட்டு ஊர் போகப்போகிற நம்மவர்களுக்குச் சொல்கிறேன், முதல் மாதத்தைச் சிரித்தே ஒப்பேற்றிவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். இரண்டே வருஷத்தில் ஆட்டோக்காரரிடம் கன்னடத்திலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணம் ஆயிற்று. மனைவி செல்வி போளூரில், அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். நிரந்தர வேலை. அவள் அதை விட்டுவிட்டு இங்கே வருவதா, நான் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போவதா என்பது எங்களுக்குள் முடியாத பேச்சாக இருந்தது. ஊரில் எனக்கு ஏற்ற வேலை கிடையாது. அவள் இல்லாமல் இங்கே இருக்கவும் பிடிக்கவில்லை. இந்த லட்சணத்தில் தலைப்பொங்கல் வந்தது. கம்பெனியில் ஒரு நாள்தான் விடுமுறை. மாப்பிள்ளை வராத தலைப்பொங்கலா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, செல்வி போகிக்கு முதல் நாளே தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பொங்கல் அன்னிக்கு ஊரை நடந்தே சுத்திக் காட்டுங்க. பஸ்ஸுல போனா ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் மெஜஸ்டிக்ல பஸ் ஏறும்போது வர்றேனா இல்லையான்னு சொல்றேன்."

விடியற்காலையில் ஸ்டவ்வில் பொங்கல் வைத்து, சாப்பிட்டு, அவள் பையை நான் தோளில் மாட்டிக்கொள்ள, கிளம்பினோம். முதலில் அல்சூர். வேண்டுமென்றேதான் அங்கே கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் நடந்தாலும் கோயில் வாசலில் நின்றாலும் காதில் விழுவது பாதிக்குமேல் தமிழ்தான். கரும்பு விற்கிறவர், "எந்த ஊரும்மா, ஆரணிப் பக்கமா?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. செல்வியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இது வேலூர் மாதிரியே இருக்குது. இதைப் பாக்கவா வந்தேன்? தமிழ் தெரியாத தெருவுல என்னால நாலு நாள் இருக்க முடியுமான்னு பாக்கணும். அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கணக்கு டீச்சரிடம் மழுப்ப முடியாது. எம்.ஜி. ரோடு வழியாக கப்பன் பார்க்குக்கு நடந்தோம். நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். விதான சௌதாவை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தோம். அதில் எத்தனை அறை என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நிச்சயமா தெரியுமா?" என்றாள். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஆபீஸ் பஸ் போகும் ஒரு பாதை மட்டும்தான் என்பது அன்றைக்கு நடந்தபோதுதான் எனக்கே புரிந்தது.

நாலு மணி வாக்கில் மல்லேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். இங்கே பொங்கலுக்குச் சங்கராந்தி என்று பெயர். ஒரு குறுக்குத் தெருவில், பட்டுச்சேலையில் ஓர் அம்மாள், பாவாடை சட்டையில் பூ வைத்த சின்னப் பெண்ணோடு, கையில் தட்டேந்தி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். செல்வியின் புதுத் தாலிக்கயிற்றைப் பார்த்ததும் நின்றார். "தகொள்ளி, எள்ளு பெல்லா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். எள், வெல்லம், கொப்பரைத் துண்டு, வேர்க்கடலை கலந்தது. செல்வி அதில் எள்ளைப் பார்த்தாள். கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கம் எள் என்றால் தெவசம். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு எள் வாங்கவே மாட்டோம். அவள் அப்பா போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நல்ல நாளில், தலைப்பொங்கலில், முன்பின் தெரியாத ஒருவர் எள்ளை நீட்டினால்? அந்த அம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. சமாளிக்கிறேன் பேர்வழி என்று நான் முன்னால் போய், என் கன்னடத்தில், "நம்மூரல்லி இது சத்தோரிகே ஹாக்தாரே" என்று தெளிவாகச் சொன்னேன். எங்கள் ஊரில் இதைச் செத்தவர்களுக்குத்தான் போடுவார்கள் என்று அர்த்தம். அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று பக்கத்திலிருந்த தன் வீட்டுக் கேட்டுக்குள் போய்விட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் செல்வி. சொன்னேன்.

"நல்ல நாள் அதுவுமா, சின்னப் பொண்ணை வெச்சுக்கிட்டு இருக்கறவங்ககிட்ட இதைப் போய்ச் சொல்வாங்களா? நானாவது கையைத்தான் மடக்கினேன்."

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு போய்க் கதவைத் தட்டினாள். நான் பையோடு பின்னால் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்த அம்மாளிடம் அவள் பேசியது முழுக்கத் தமிழ். "தெரியாம நடந்துடுச்சும்மா. குடுங்க, சாப்பிடறேன்." சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். வாங்கி, அங்கேயே வாயில் போட்டு மென்று விழுங்கினாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். அந்த அம்மாள் அவளை உள்ளே அழைத்து மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். இதைத் தின்றுவிட்டு நல்லதாகப் பேசவேண்டும் என்பது இவர்கள் வழக்கமாம். அதனாலோ என்னவோ, என் கையில் மட்டும் இரண்டு தடவை கொட்டினார்.

மெஜஸ்டிக் வரை செல்வி எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். காரியம் கெட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். "முழுப் பரீட்சை முடியட்டும், ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். ஆனா அக்கம்பக்கத்துல நான்தான் பேசுவேன். நீங்க கூட நின்னா போதும்."

அப்படியே வந்தாள். இப்போது சங்கராந்தி சாயங்காலம் எங்கள் தெருவில் தட்டேந்திப் போவதும் அவள்தான். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குப் போளூர் போகும்போது ஒரு பொட்டலம் கூடவே வரும். மாமியார் அதை வாசற்படி தாண்ட விடுவதில்லை. காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துப் பிரித்து, தெருவில் நின்றே நாங்கள் இரண்டு பேரும் தின்கிறோம். கை கழுவிவிட்டு உள்ளே வாங்க, இலை போட்டாச்சு என்று மாமியார் கூப்பிடுகிறார். வாயில் எள் இன்னும் மீதியிருக்கிறது.